77ஆம் நெடுஞ்சாலையும் இரண்டு 30களும்

முதல் நாள்: பிப்ரவரி 27, 2025, வியாழன். ஏக்ரன், ஒஹாயோ

வரும் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு சார்லட் நகரத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் சார்லட் ஹார்னெட்ஸும் கூடைப்பந்தில் மோதுகின்றன. இரண்டு பக்கமும் கரி குடும்பத்து ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். அண்ணன் ஸ்டெஃபன் வாரியர்ஸில், தம்பி சேத் ஹார்னெட்ஸில். டிக்கெட் எடுத்தபோது விமானத்தில் போய்வருவதாகத்தான் இருந்தது. என் தம்பிதான் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நம்ம வீட்டுக்குப் பக்கத்துல போற 77ஆம் நெடுஞ்சாலை நேரா சார்லட்டுக்கே போகுது, ஸ்டெஃபன் பிறந்த ஊர் வழியா" என்றான். அதற்கப்புறம் விமானத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

நாங்கள் இருப்பது கிளீவ்லாந்துக்கு அருகே. ஏக்ரன் இங்கிருந்து முக்கால் மணி நேரம். டயர் தொழிலால் வளர்ந்த ஊர், குட்இயர் கம்பெனியின் ஊர். கூடைப்பந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு காரணத்துக்காக முக்கியம். 1984 டிசம்பர் 30 அன்று கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் இங்கே பிறந்தார். 1988 மார்ச் 14 அன்று ஸ்டெஃபன் கரியும் இங்கேதான் பிறந்தார், அதே மருத்துவமனையில். அப்பா டெல் கரி அந்த ஒரு பருவம் கிளீவ்லாந்து கவலியர்ஸில் ஆடிக்கொண்டிருந்ததால் நேர்ந்தது அது. சில மாதங்களிலேயே டெல் சார்லட்டுக்குப் போய்விட்டார். லெப்ரானோ இந்த ஊர்ப் பிள்ளையாகவே வளர்ந்தார்.

தம்பி லெப்ரான் கட்சி. அவனுக்காக முதலில் ஹவுஸ் த்ரீ தர்ட்டி என்ற கட்டடத்துக்குப் போனோம். இந்த ஊரின் தொலைபேசிக் குறியீடு 330, அதுதான் பெயர். உள்ளே லெப்ரானின் வாழ்க்கையைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்பிரிங் ஹில் குடியிருப்பில் அவரும் அம்மா குளோரியாவும் இருந்த வீட்டை அப்படியே திரும்ப அமைத்திருக்கிறார்கள். நான் அந்த அறையில்தான் அதிக நேரம் நின்றேன். மகன் பிறந்தபோது குளோரியாவுக்கு வயது 16. வீடு மாறி வீடு மாறி அலைந்ததில் நாலாம் வகுப்பில் மட்டும் பையன் 83 நாள் பள்ளிக்குப் போகவில்லை. கடைசியில் பயிற்சியாளர் ஒருவரின் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது. அந்தப் பையன் 2018இல் இதே ஊரில் 'ஐ ப்ராமிஸ்' பள்ளியைத் திறக்க உதவினார். போன அக்டோபர் 22ஆம் தேதி தன் மகன் பிரானியோடு ஒரே அணியில், ஒரே நேரத்தில் களத்தில் நின்றார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் வரலாற்றில் அப்பாவும் மகனும் சேர்ந்து ஆடியது அதுதான் முதல்முறை. அதற்கு ஓராண்டு முன்பு, 2023 ஜூலையில், பயிற்சியின்போது பிரானியின் இதயம் நின்றுபோய்ப் பிழைத்து வந்ததை நினைத்துப் பார்த்தால், அன்று அவர்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்பதெல்லாம் எனக்குக் கணக்கே இல்லை.

இரவு விடுதி அறையில் ஆர்லாண்டோ ஆட்டம். ஸ்டெஃபன் 56 புள்ளிகள், அதில் தொலைவிலிருந்து போடும் மூன்று புள்ளி வீச்சுகள் 12! வாரியர்ஸ் 121, ஆர்லாண்டோ 115. முதல் பாதி முடியும் நொடியில் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஒன்று போட்டார். நான் கட்டிலின் மேல் ஏறி நின்றுவிட்டேன். பிப்ரவரி 27 அவருக்கான நாள் போலிருக்கிறது. 2013இல் இதே தேதியில்தான் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 54 புள்ளிகள். 2016இல் இதே தேதியில்தான் ஒக்லஹோமா சிட்டியில் அந்தத் தொலைதூர வெற்றி வீச்சு. இன்னும் இரண்டு வாரத்தில் 37 வயது ஆகப்போகிறவர் ஆடிய ஆட்டம் இது.

இரண்டாம் நாள்: பிப்ரவரி 28, வெள்ளி. மலைகளுக்கு நடுவே

இன்று முழுக்கக் கார்தான். ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. மரியெட்டாவில் ஒஹாயோ ஆற்றைத் தாண்டினால் மேற்கு வர்ஜீனியா, அப்புறம் மலைதான், வளைவுதான். பெக்லியில் 77ஐ விட்டுப் பிரிந்து 64ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பினோம். சார்லட்டுக்கு இது வழி இல்லை. ஆனால் கரி குடும்பத்தின் வேர் அந்தப் பக்கம் இருக்கிறது.

வழியெல்லாம் வாக்குவாதம். தம்பி லெப்ரான் ரசிகன் என்றாலும் திங்கட்கிழமைக்கு அவன் சேத் பக்கம். "தம்பிக்குத் தம்பிதான் துணை" என்கிறான். பந்தயம் கட்டினோம்: யாருடைய கரி குறைவாகப் புள்ளி எடுக்கிறாரோ அவர் பெட்ரோல் செலவு முழுவதையும் ஏற்க வேண்டும். இது ஞாயமே இல்லை என்று நான் சொன்னேன். சேத் மாற்று ஆட்டக்காரராக இறங்குபவர், நிமிடங்கள் குறைவு. "பரவாயில்லை, எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றான்.

இந்தப் பந்தயத்துக்கு முன்மாதிரியே கரி வீட்டில்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் சார்லட்டில் நடந்த, என்பிஏ நட்சத்திரங்கள் கூடும் ஆல் ஸ்டார் வார இறுதியில் அண்ணனும் தம்பியும் மூன்று புள்ளிப் போட்டியில் இறங்கினார்கள். தோற்றவர், இனிமேல் குடும்பத்தாருக்கு ஆட்ட டிக்கெட் வாங்கித் தர வேண்டும் என்று பேச்சு. சேத் முதல் சுற்றோடு வெளியேறினார். ஸ்டெஃபன் இறுதி வரை போய் ஜோ ஹாரிஸிடம் தோற்றார்.

மூன்றாம் நாள்: மார்ச் 1, சனி. கிராட்டோஸ், பிறகு பிளாக்ஸ்பர்க், வர்ஜீனியா

ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர் கிராட்டோஸ். பெயரே குகைகளால் வந்தது. இங்குள்ள கிராண்ட் கேவர்ன்ஸ் குகையை 1806ஆம் ஆண்டு முதல் மக்கள் வந்து பார்க்கிறார்கள். நாங்கள் குகைக்குப் போகவில்லை. ஊரை இரண்டு முறை மெதுவாகச் சுற்றினோம், ஒரு கடையில் காப்பி குடித்தோம், அவ்வளவுதான். இங்கேதான் டெல் கரி வளர்ந்தார்.

டெல்லின் அப்பா ஜாக் மகனுக்காக ஒரு பழைய மின்கம்பத்தில் பலகை அடித்து வளையம் மாட்டிக் கொடுத்தாராம். கீழே சிமெண்டுத் தளம் கிடையாது. மண்ணும் கல்லும். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தால் எங்கோ உருண்டு ஓடிவிடும், போய் எடுத்து வர வேண்டும். அதனால் தப்பாமல் போடக் கற்றுக்கொள்வதுதான் சுலபம். அந்தக் கம்பத்தடியில் டெல் கற்றார். கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்தபோது பேரன்கள் ஸ்டெஃபனும் சேத்தும் அதே கம்பத்தடியில் போட்டுப் பழகினார்கள். அந்த வீட்டைத் தேடி நாங்கள் போகவில்லை. யாரோ குடியிருக்கும் வீட்டு வாசலில் போய் நிற்பது சரியில்லை. ஊரின் தரையையும் கம்பங்களையும் பார்த்தது போதும்.

கோவையில் எங்கள் பள்ளியிலும் மண் தரைதான். மழை பெய்தால் வளையத்துக்குக் கீழே குளம். பந்து அதில் விழக்கூடாது என்பதற்காகவே பலகையில் அடிக்காமல் நேராக வளையத்துக்குள் போட முயல்வோம். அந்த நினைவு இன்று முழுக்க இருந்தது. மாலையில் அப்பாவிடம் போனில் சொன்னபோது, "அந்தக் குளத்துல பந்தைத் தேடி எடுத்துக் கொடுத்தது யாரு? நான்தான் கண்ணு" என்றார். உண்மைதான். சனிக்கிழமை தோறும் வேலை முடிந்ததும் நேராக மைதானத்துக்குத்தான் வருவார்.

கிராட்டோஸிலிருந்து 81ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டு மணி நேரம் வந்தால் பிளாக்ஸ்பர்க். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். 1982 முதல் 1986 வரை டெல் இங்கே ஆடி 2,389 புள்ளிகள் எடுத்தார். அவருடைய 30ஆம் எண்ணை யாருக்கும் தராமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதே பல்கலைக்கழகத்தில் வாலிபால் ஆடியவர் ஸ்டெஃபன், சேத்தின் அம்மா சோன்யா. அங்கேதான் இருவருக்கும் பழக்கம்.

சரி, மகன் என்ன ஆனான்? ஸ்டெஃபனுக்கு இங்கே படிக்கத்தான் ஆசை. பையன் ஒல்லி, உயரமும் போதாது என்று இந்தப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தரவில்லை. வேண்டுமானால் சேர்ந்துகொள், அணியில் இடம் பிறகு பார்க்கலாம் என்ற அளவில்தான் பேச்சு. சேத்துக்கும் அதே கதை. பெரிய இடம் எதுவும் அழைக்காததால் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2008-09 பருவத்தில் நாட்டின் முதலாண்டு மாணவர்களில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். அப்புறம்தான் டியூக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். டெல்லின் எண் கொடியாகத் தொங்கும் அரங்கத்துக்கு வெளியே நின்றுகொண்டு தம்பி இதையெல்லாம் எனக்குச் சொன்னான். ஸ்டெஃபனின் கதை எனக்கு மனப்பாடம். சேத்தின் கதையில் பாதிகூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

இரவு பிலடெல்பியாவில் வாரியர்ஸ் தோற்றார்கள், 126–119. தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றிருந்த அணியிடம். குவென்டின் கிரைம்ஸ் 44 புள்ளிகள் எடுத்துவிட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த பிலடெல்பியா அணியில் சேத்தும் ஆடியிருக்கிறார். அப்போது பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ். சேத்தின் மனைவி காலி, டாக் ரிவர்ஸின் மகள். மாமனாரிடமே திட்டு வாங்கி, மாமனார் சொல்லும் இடத்தில் நின்று, வீட்டு விருந்திலும் அவரையே பார்க்க வேண்டும்! 2022 பிப்ரவரியில் நட்சத்திர ஆட்டக்காரர் ஜேம்ஸ் ஹார்டனை வாங்குவதற்காக அந்த அணி சேத்தை புரூக்ளின் அணிக்கு அனுப்பிவிட்டது. மாப்பிள்ளையை வழியனுப்பும் அந்த உரையாடல் எப்படி இருந்திருக்கும் என்று தம்பியும் நானும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். சேத் எதையும் வெளியே காட்டிக்கொள்ளாதவர். எந்த அணி கூப்பிட்டாலும் போவார், மூலையில் நிற்பார், பந்து வந்தால் போடுவார். 2013இல் என்பிஏவின் புதுமுகத் தேர்வில் அவரை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. மெம்பிஸ், கிளீவ்லாந்து, ஃபீனிக்ஸ் என்று ஓரிரு ஆட்டங்களுக்கு மட்டும் எடுத்து விடுவித்த காலத்தைத் தாண்டி வந்திருக்கிறார். மூன்று புள்ளி வீச்சில் அவருடைய வாழ்நாள் சராசரி 43 சதவீதத்துக்கு மேல். அண்ணனுடையது 42க்கு மேல். அண்ணன் போட்ட எண்ணிக்கையே வேறு, அவரை வளைத்து இரண்டு மூன்று பேர் நிற்கிறார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் சராசரியில் தம்பி ஒரு படி மேலே இருக்கிறார் என்பதை இத்தனை வருட ரசிகையான நான் இன்றுதான் நிறுத்தி நிதானமாக யோசித்தேன்.

நான்காம் நாள்: மார்ச் 2, ஞாயிறு. டேவிட்சன், வடக்கு கரோலினா

வைத்வில்லில் மறுபடியும் 77ஐப் பிடித்தோம். ஃபேன்சி கேப் தாண்டியதும் மலை சட்டென்று முடிந்து சாலை கீழே இறங்குகிறது. தூரத்தில் பைலட் மலை, தலையில் கல் குமிழ் வைத்தாற்போல. காரை ஓட்டியது தம்பி என்பதால் நான் நன்றாகப் பார்த்தேன்.

டேவிட்சன் கல்லூரியில் மாணவர்கள் 2,000 பேர் அளவில்தான் இருப்பார்கள். செங்கல் கட்டடங்கள், பெரிய மரங்கள், ஒரே ஒரு கடைத்தெரு. பெல்க் அரங்கமும் சின்னதுதான். பெரிய கல்லூரிகள் ஒதுக்கிய ஸ்டெஃபனை பயிற்சியாளர் பாப் மெக்கிலப் இங்கே சேர்த்துக்கொண்டார். அந்த நன்றியை ஸ்டெஃபன் இன்றுவரை பேட்டிகளில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மெக்கிலப் 2022இல் விலகியபோது பொறுப்பு அவர் மகன் மேட் கைக்குப் போனது. இந்தப் பயணத்தில் எங்கே தொட்டாலும் அப்பா, பிள்ளைதான்.

2008 மார்ச். அந்த மாதத்தைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன், பழைய காட்சிகளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. கல்லூரிகளின் தேசியக் கோப்பைப் போட்டி, முதல் சுற்றில் கொன்சாகாவுக்கு எதிராக ஸ்டெஃபன் 40 புள்ளிகள். அடுத்து ஜார்ஜ்டவுன், 17 புள்ளி பின்தங்கியிருந்து ஜெயித்தார்கள், அவர் 30. அடுத்த சுற்று டெட்ராய்ட்டில். கல்லூரி அறங்காவலர்கள் தங்கள் கைப்பணத்தில் மாணவர்களுக்குப் பேருந்தும் தங்குமிடமும் டிக்கெட்டும் ஏற்பாடு செய்தார்கள். விஸ்கான்சினுக்கு எதிராக 33. அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பார்வையாளர் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தவர் லெப்ரான். ஏக்ரனில் ஒரே மருத்துவமனையில் பிறந்த இருவர், ஒருவர் ஆட, ஒருவர் பார்க்க. இதைச் சொன்னதும் தம்பி, "பாத்தியா, முதல்ல கண்டுபிடிச்சது எங்க ஆளு" என்றான்.

கான்சஸிடம் 59–57 என்று தோற்றார்கள். கடைசி நொடிகளில் ஸ்டெஃபனை இரண்டு பேர் மறிக்க, பந்தை ஜேசன் ரிச்சர்ட்ஸுக்குக் கொடுத்தார். அது போகவில்லை. அந்த ஆண்டு கோப்பையை வென்றது கான்சஸ்.

டேவிட்சனில் ஒரு விதி உண்டு. பட்டம் வாங்காதவரின் எண்ணைக் கொடியாக ஏற்ற மாட்டார்கள். ஸ்டெஃபன் 2009இல் மூன்றாம் ஆண்டோடு என்பிஏவுக்குப் போய்விட்டார். நான்கு என்பிஏ கோப்பைகள் வாங்கிய பிறகு, 2022இல் படிப்பை முடித்து, ஆகஸ்ட் 31 அன்று பட்டம் வாங்கினார். அன்றே அவர் எண்ணும் மேலே ஏறியது. சமூகவியல் பட்டம். அம்மா பள்ளி நடத்தியவர் அல்லவா, விடுவாரா! 1995இல் சோன்யா இந்தப் பக்கத்தில்தான் ஒரு மாண்டிசோரி பள்ளி தொடங்கினார், பிள்ளைகள் அதிலேயே படித்தார்கள். நடுநிலைப் பள்ளியில் ஸ்டெஃபன் பாத்திரம் கழுவாமல் விட்டதற்காக ஒரு ஆட்டத்துக்கே போகக்கூடாது என்று தடுத்துவிட்டாராம். அப்பா என்பிஏ ஆட்டக்காரர், வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் பையன் தன் அணியிடம் போய், பாத்திரம் கழுவாததால் என்னால் ஆட முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இதைக் கேட்டு எங்கள் அம்மா போனிலேயே, "நல்ல அம்மா" என்று சொல்லிவிட்டு, உடனே தம்பி இன்று சாப்பிட்ட தட்டை யார் எடுத்து வைத்தது என்றும் கேட்டார்.

ஐந்தாம் நாள்: மார்ச் 3, திங்கள். சார்லட்

டேவிட்சனிலிருந்து 20 மைல்தான். காலையிலேயே வந்துவிட்டோம்.

1988இல் ஹார்னெட்ஸ் அணி தொடங்கியபோது அதில் சேர்ந்தவர் டெல். பத்துப் பருவங்கள் இங்கே ஆடினார். 160 சென்டிமீட்டர் உயர மக்ஸி போக்ஸ் பந்தைக் கடத்திக் கொடுக்க, டெல் மாற்று ஆட்டக்காரராக வந்து போட்டுத் தள்ளுவார். அந்த அணி 2002இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது, பழைய அரங்கத்தை 2007இல் இடித்துவிட்டார்கள், ஹார்னெட்ஸ் என்ற பெயர் 2014இல்தான் ஊருக்குத் திரும்பியது. டெல் இப்போது இதே அணியின் தொலைக்காட்சி வர்ணனையாளர். இன்று மேசையில் உட்கார்ந்து இரண்டு மகன்களின் ஆட்டத்தையும் பேச வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றி என் கணிப்பு: வாரியர்ஸ் ஜெயிப்பார்கள். ஆறு நாள் முன்புதான் சான் பிரான்சிஸ்கோவில் இதே ஹார்னெட்ஸை 128–92 என்று வென்றார்கள். ஜிம்மி பட்லர் வாரியர்ஸுக்கு வந்த பிறகு தற்காப்பு இறுகிவிட்டது, பெரும்பாலும் வெற்றிதான். பிலடெல்பியா தோல்விக்குப் பிறகு இன்று கவனமாக வருவார்கள், நாளை நியூயார்க்கில் நிக்ஸ் காத்திருக்கிறார்கள் என்பதால் சீக்கிரம் முடிக்கவும் பார்ப்பார்கள். ஹார்னெட்ஸில் பிராண்டன் மில்லர் மணிக்கட்டுக் காயத்தால் இந்தப் பருவமே இல்லை. சேத்துக்குத் தேவை வலது மூலையில் இரண்டு மூன்று நல்ல பந்துகள். அண்ணனையே அவர் தடுக்கும்படி அமைந்தால் இன்னும் நல்லது. 2019 மேற்குப் பிரிவு இறுதியில் போர்ட்லாந்துக்காக அப்படித்தான் ஒட்டிக்கொண்டு நின்று, இரண்டாவது ஆட்டத்தில் நான்கு முறை பந்தைப் பறித்தார். அந்தத் தொடரில் அப்பா அம்மா இருவரும் பாதி வாரியர்ஸ், பாதி போர்ட்லாந்து என்று தைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று காசு சுண்டிப் போட்டு முடிவு செய்தார்கள். பிறகு 2021இல் அவர்கள் மணவாழ்க்கை முடிவுக்கு வந்தது. அது அவர்கள் விஷயம். அந்தச் சட்டைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

மாலை ஐந்தரைக்கே வரிசையில் நின்றோம். ஸ்டெஃபனின் பயிற்சியைப் பார்க்கவே ஆட்கள் முன்கூட்டி வருகிறார்கள். முதலில் இரண்டு கையிலும் இரண்டு பந்து, தட்டிக்கொண்டே நடந்தார். அப்புறம் வளையத்துக்கு அருகில் இடக்கையால் மெதுவாக. ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்ப் போய்க் கடைசியில் நடுக்கோட்டில் நின்றார். பக்கத்திலிருந்த ஒரு சிறுவன் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான். எத்தனை வருடம் திரையில் பார்த்தது! பந்து வலையில் விழும் சத்தம் திரையில் இவ்வளவு மென்மையாகக் கேட்டதே இல்லை.

என் தோளைத் தட்டி, "அக்கா, அந்தப் பக்கம் பாரு" என்றான் தம்பி. மறுபாதியில் சேத். அங்கே கூட்டம் இல்லை. மூலையில் நின்று போட்டார், ஐந்தடி நகர்ந்து போட்டார், மறுபடி நகர்ந்து போட்டார். கை உயரும் விதம், மணிக்கட்டு மடங்கும் விதம் எல்லாம் அண்ணனேதான். இல்லை, அப்பாவேதான். நான் அங்கேயே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். திரும்பியபோது ஸ்டெஃபன் உள்ளே போயிருந்தார். அவர் உள்ளே போகும் வழியில் நின்று போடும் அந்தக் கடைசி வீச்சை நான் தவறவிட்டேன். வருத்தமாக இல்லை.

இதை இருக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் பத்து நிமிடம். கோவையில் காலை ஐந்தரை ஆகப்போகிறது, அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீடியோ அழைப்பில் களத்தைக் காட்டினேன். அம்மாவும் பின்னால் வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"என்ன கண்ணு, ரெண்டு பேர் முதுகுலயும் கரி 30ன்னே போட்டிருக்கு?"

"அது அவங்க அப்பா நம்பர்மா."

"அப்ப நான் யார் பக்கம் பேசறது?"

தம்பி சட்டைப் பையில் சில்லறை தேடிக்கொண்டிருக்கிறான்.